இரண்டு கையில் இரண்டு நிற நூல்: தொப்பி தலைக்குள் போக மாட்டேன் என்கிறது

மலர்_ரிங்லெட்:
எல்லாருக்கும் வணக்கம். கேமரன் மலை, ரிங்லெட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரே நிற நூலில் தொப்பி, மப்ளர் எல்லாம் பின்னுவேன். வலது கையால் நூலை ஊசியில் சுற்றிப் போடும் முறைதான் எனக்குத் தெரியும். அப்பா விடியற்காலையில் காய்கறி லாரியோடு தாப்பாவுக்கு இறங்குகிறவர். அவருக்குக் கருநீலத்தில் வெள்ளைப் பூப் போட்டு ஒரு தொப்பி ஆரம்பித்திருக்கிறேன். நீலம் வலது கையில், வெள்ளை இடது கையில் என்று வீடியோவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

4 மி.மீ. வட்ட ஊசி, 112 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்), 8 கண்ணிக்கு ஒரு பூ. கீழ்ப்பட்டை முழு நீலம், அளந்தால் 51 செ.மீ. வருகிறது. பூ வரும் இடத்தில் 43 செ.மீ. தான். அப்பா தலைக்கு இது ஏறவே ஏறாது. போதாக்குறைக்குச் சில பூக்கள் பளிச்சென்று தெரிகின்றன, சில பூக்கள் உள்ளே அமுங்கிக் கிடக்கின்றன. இடது கை நூலோ விரலில் நிற்பதே இல்லை. பேசாமல் இரண்டு நூலையும் வலது கையிலேயே வைத்து மாற்றி மாற்றி எடுத்தால் என்ன? இடது கையைப் பழக்கித்தான் ஆக வேண்டுமா?

ஈப்போ_சரசு:
மலர், முதலில் தொப்பியை உள்பக்கம் திருப்பி ஒரு படம் போடு. முன்பக்கத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பின்னால் குறுக்கே ஓடும் நூலைத்தான், அதாவது ஃப்ளோட்டைத்தான், பார்க்க வேண்டும்.

பேரா_மணி:
நம் ஊர் வெயிலில் கம்பளித் தொப்பியா? சுங்கை சிப்புட்டில் இதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போவார்கள்.

மலர்_ரிங்லெட்:
மணி அண்ணே, ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கே வந்து முன்சீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு லாரியில் உட்காருங்கள். அப்புறம் பேசுவோம்.

சரசு அக்கா, உள்பக்கப் படம் போட்டிருக்கிறேன்.

ஈப்போ_சரசு:
பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிகிறது.

வெள்ளை ஃப்ளோட் எல்லாம் விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. சுருக்கம் அதனால்தான். கண்ணியின் அளவு இதில் பெரிய விஷயமே இல்லை. மூன்று கண்ணியைத் தாண்டிப் போகிற நூல் அந்த மூன்று கண்ணி அகலத்துக்கு இருக்க வேண்டும். நீ நிறம் மாற்றும் நேரத்தில் வலது ஊசியில் இருக்கிற கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தின் அகலத்துக்குத்தான் நூல் ஓடுகிறது. பிறகு துணி விரியப் பார்க்கும்போது நூல் விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது.

ஆகவே நிறம் மாற்றுவதற்கு முன்னால், வலது ஊசியில் கடைசியாகப் பின்னிய ஐந்தாறு கண்ணிகளை விரலால் வலப்பக்கம் இழுத்துப் பரத்திவிடு. முழு அகலத்துக்குப் பரவிய பிறகுதான் அடுத்த நிறத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதைச் செய். முதல் சில சுற்றுக்கு எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை தானாகச் செய்யும்.

இரண்டாவது விஷயம், கீழே மூன்று நான்கு சுற்று வரைக்கும் வெள்ளை ஃப்ளோட் நீலத்துக்கு அடியில் ஓடுகிறது. அதற்கு மேலே நீலம் அடியிலும் வெள்ளை மேலேயும் ஓடுகிறது. நடுவில் கை மாற்றிப் பிடித்தாயா?

மலர்_ரிங்லெட்:
ஆமாம் அக்கா. இடது கை வலித்தது என்று நூலை மாற்றிக்கொண்டேன். அதற்கும் பூ மங்கலாகத் தெரிவதற்கும் சம்பந்தம் உண்டா?

ஈப்போ_சரசு:
நிறைய உண்டு. பின்பக்கத்தில் எந்த நூல் அடியில் ஓடுகிறதோ அது தன் கண்ணிக்கு வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஏறி வருகிறது. அதனால் அந்தக் கண்ணி ஒரு நூலிழை அளவு பெரிதாக விழும். ஒரு கண்ணியில் பார்த்தால் தெரியாது. நூறு கண்ணியில் அந்த நிறம் முன்னால் வந்து நிற்கும், மற்ற நிறம் பின்வாங்கும். இரண்டு கையால் பின்னும்போது இடது கை நூல்தான் வழக்கமாக அடியில் ஓடும். ஆகவே பூவின் நிறம் இடது கைக்கு, பின்னணி நிறம் வலது கைக்கு. கடைசிக் கண்ணி வரை அப்படியே. பாதியில் மாற்றினால் அந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை. 'உங்களுக்கு வசதியான கையில் பிடியுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வசதி சரி, ஆனால் மாற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டாமா?

நூல்கண்டு_கூலிம்:
இரண்டு நூலையும் வலது கையிலேயே எடுக்கலாமா என்று மலர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எடுக்கலாம், தப்பில்லை. ஒரு நூலை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் பின்னிக்கொண்டே போகலாம். அதிலும் ஒரு நூல் எப்போதும் மேலிருந்தும் மற்றது எப்போதும் கீழிருந்தும் வர வேண்டும், அவ்வளவுதான் விதி. எனக்கு அது ஒத்து வரவில்லை. இரண்டு கண்ணிக்கு ஒரு தடவை நூலைக் கீழே போட்டு மறுபடி எடுத்து, முறுக்கிக்கொண்டு, உருண்டையைப் பிரித்து... பொறுமை போய்விடும்.

நான் இரண்டையும் இடது கை ஆள்காட்டி விரலிலேயே வைத்துக்கொண்டு பின்னுகிறேன். நார்வேக்காரர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். விரலில் மாட்டுகிற ஒரு சின்ன வளையம் விற்கிறார்கள், இரண்டு நூலையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். இணையத்தில் கிடைக்கும்.

ஈப்போ_சரசு:
ஒரே விரலில் இரண்டு நூல் இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் செலவாக வேண்டும். பின்னணி ஆறு கண்ணி, பூ ஒரு கண்ணி என்று வருகிற இடத்தில் ஒரு நூல் தீர்ந்துகொண்டே போகும், மற்றது விரலில் தொளதொளவென்று தொங்கும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கைதான் நல்லது என்பது என் கட்சி.

நூல்கண்டு_கூலிம்:
உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட மாட்டேன் அக்கா. ஆனால் தொங்குகிறது என்பது உண்மைதான்.

ஓய்வு_வாத்தியார்:
நானும் என் வீட்டுக்காரம்மாவும் பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்றாகக் கற்றோம். ஆண் பிள்ளை பின்னுகிறானே என்று தாமானில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது தொப்பி கேட்கிறார்கள். அது கிடக்கட்டும்.

இந்த வேலைக்கு ஃபேர் ஐல் என்று பேர் சொல்வார்களே, அது ஒரு தீவு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவில் இருக்கிறது. 1922-இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆனவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடலுக்கு அந்தத் தீவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு உலகமெல்லாம் அந்தச் சட்டைக்கு அலைந்தது. அதைப் பார்த்தால் பத்து நிறம் இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் எந்த ஒரு வரியை எடுத்தாலும் இரண்டே நிறம்தான். இரண்டு வரிக்கு ஒரு தடவை பின்னணியை மாற்றுவார்கள், பூவை மாற்றுவார்கள். கையில் இருப்பது எப்போதும் இரண்டு நூல். அதனால்தான் இரண்டு கை போதுமானதாக இருக்கிறது.

நார்வேயில் செல்பு என்று ஓர் ஊர். 1857-இல் மாரிட் என்கிற பதினாறு வயதுப் பெண் எட்டு இதழ்ப் பூப் போட்ட கறுப்பு வெள்ளைக் கையுறை பின்னித் தேவாலயத்துக்குப் போட்டுப் போனாள். ஊரே அதைப் பார்த்துப் பின்ன ஆரம்பித்தது, பிறகு அந்த ஊருக்கே அது பிழைப்பாகிவிட்டது.

மலருக்கு உபயோகமான ஒன்று: ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டுவார்கள். அதில் ஓட்டைகள் போட்ட ஒரு மெத்தை, உள்ளே குதிரை முடி அடைத்திருக்கும். வலது ஊசியின் அடிமுனையை அதில் சொருகிவிட்டால் ஊசியின் பாரம் கையில் இருக்காது, விரல்களுக்கு நூலை மட்டும் பார்த்தால் போதும். நம்மிடம் பெல்ட் இல்லை. நீளமான நேர் ஊசியாக இருந்தால் அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். வட்ட ஊசியில் அது நடக்காது.

தோட்டத்து_ராணி:
மலர், உன் அம்மா கொழுந்து பறித்தவர்தானே? அவரிடம் கேள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டவர்களுக்கு இதெல்லாம் சப்பென்று வந்துவிடும் லா.

மலர்_ரிங்லெட்:
அம்மாவிடம் காட்டினேன் ராணி அக்கா. ஊசியை வாங்கிப் பார்த்துவிட்டு, 'கொழுந்துல ரெண்டு கையும் ஒரே வேலையைச் செய்யும், இதுல ஆளுக்கு ஒரு வேலை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு இப்போது எங்கே கையால் பறிக்கிறார்கள், கத்திரியும் மெஷினும்தானே.

ஈப்போ_சரசு:
அம்மா சரியாகச் சொன்னார். இரண்டு கை, இரண்டு வேலை. அதனால் இரண்டையும் ஒன்றாகப் பழகாதே, இடது கையை மட்டும் தனியாகப் பழக்கு. தொப்பியை மூட்டை கட்டி வை. வேண்டாத நூலை எடுத்து நாற்பது கண்ணி போட்டு, ஒரே நிறத்தில், முழுக்க முழுக்க இடது கை நூலால் ஒரு சின்னத் துண்டு பின்னு. டிவி பார்த்துக்கொண்டே பின்னுகிற அளவுக்கு வந்த பிறகு வலது கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நூல் விரலில் நிற்கவில்லை என்றாய். உருண்டையிலிருந்து வரும் நூலைச் சுண்டு விரலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்று. அங்கிருந்து நடு விரல்களுக்கு அடியில் கொண்டு போய் ஆள்காட்டி விரலுக்கு மேலே எடு. இழுவிசையைப் பார்த்துக்கொள்வது சுண்டு விரல். ஆள்காட்டி விரல் நூலை நீட்டிக் காட்டினால் போதும். ஆள்காட்டி விரல் ஊசி முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரமாகத் தூக்கிப் பிடித்தால் தோள் வரைக்கும் வலிக்கும். உன் கை வலித்தது அதனாலாக இருக்கலாம்.

பின்னும்போது வலது ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, முனை நூலுக்கு மேலாகப் போய் அதைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். அடியில் நுழைந்து மேலே தூக்கினால் கண்ணி திரும்பி உட்காரும், அடுத்த சுற்றில் முறுக்கிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க வழி: ஊசியில் இருக்கிற ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கால், அதாவது வளையத்தின் வலது பாதி, ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இடது கையால் போட்ட கண்ணிகளில் மட்டும் கால் பின்னால் போயிருந்தால் தப்பு அங்கேதான்.

நூல்கண்டு_கூலிம்:
இதை நானும் வழிமொழிகிறேன். தொப்பி என்பதால் உனக்கு ஒரு லாபம். வட்டமாகப் பின்னுகிறாய், எல்லாச் சுற்றும் நிட் (நேர்க் கண்ணி) தான், பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரவே வராது. இரண்டு கையிலும் இரண்டு நிறத்தோடு பர்ல் போடுவது பெரிய அவஸ்தை. மப்ளரைத் தட்டையாக இரண்டு நிறத்தில் பின்ன ஆசைப்படாதே, இப்போதைக்கு.

கோலப்_பித்து:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே மாதிரி கோலம் போட்ட தொப்பி பின்ன ஆசை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று பின்னினால் வருமா?

ஈப்போ_சரசு:
வரும், ஆனால் நசுங்கி வரும். கண்ணி சதுரமாக இருக்காது, உயரத்தை விட அகலம் கூடுதல். ஒரு நிறப் பின்னலில் ஐந்து கண்ணி அகலத்துக்கு ஏழு வரி உயரம் என்று கணக்கு வைத்துக்கொள். இரண்டு நிறத்தில் கொஞ்சம் சதுரத்துக்கு நெருங்கும், ஆனாலும் முழுச் சதுரம் ஆகாது. பத்து செ.மீ. துண்டு ஒன்றை வட்டமாகவே பின்னி அளந்து, அந்த அளவில் நோட்டில் கட்டம் கிழித்து வரை.

சிக்குக் கோலம் வேண்டாம். வளைந்து வளைந்து ஒற்றைக் கோடாகப் போகும், நடுவில் பெரிய பெரிய வெற்றிடம். அத்தனையும் பின்னால் நீள ஃப்ளோட்டாகத் தொங்கும், போடும்போது விரல் மாட்டும். புள்ளிகளைச் சேர்த்து நட்சத்திரம், பூ என்று நிரப்புகிற கோலமாக எடு. ஒரே நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்து வராத மாதிரி பார்த்துக்கொள்.

கோலப்_பித்து:
ஐந்துக்கு மேல் வந்தே தீர வேண்டிய இடத்தில்?

நூல்கண்டு_கூலிம்:
நடுவில் ஒரு கண்ணியில் ஃப்ளோட்டைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். இரண்டு கை முறையின் அருமை இங்கேதான் தெரியும், இதை ஒப்புக்கொள்கிறேன்.

இடது கை நூலைப் பிடிப்பது சுலபம். ஊசியைக் கண்ணிக்குள் விடு. இடது நூலை ஊசி முனைக்கு மேலே தூக்கி வை. வலது நூலால் வழக்கம் போலச் சுற்றிப் பின்னு, இடது நூல் கண்ணிக்குள் வந்துவிடாமல் கீழே இறக்கிவிடு. அடுத்த கண்ணியைச் சாதாரணமாகப் பின்னினால் நூல் மாட்டிக்கொண்டிருக்கும்.

வலது கை நூலைப் பிடிப்பதில் ஒரு படி கூடுதல். ஊசியை விட்டு, வலது நூலைப் பின்னப் போகிற மாதிரி ஊசியில் சுற்று. அதற்கு மேல் இடது நூலையும் எடு. பிறகு வலது நூலை வந்த வழியே திருப்பிக் கழற்றிவிட்டு, இடது நூலை மட்டும் இழு. படிக்கத் தலை சுற்றும். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு படி.

தோட்டத்து_ராணி:
எனக்குப் படிக்காமலேயே சுற்றுகிறது.

ஈப்போ_சரசு:
அதில் ஒரு எச்சரிக்கை. ஒரே கண்ணியின் நேர் மேலே ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கக் கூடாது. வெள்ளை உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், முன்பக்கத்தில் கோடாகத் தெரியும். இடம் மாற்றி மாற்றிப் பிடி.

மலர்_ரிங்லெட்:
நூலைப் பற்றியும் கேட்க வேண்டும். ரிங்லெட்டில் கம்பளி நூல் கிடைப்பதில்லை, இணையத்தில்தான் வாங்குகிறேன். போன தடவை கம்பளி என்று போட்டு விற்ற கடை அக்ரிலிக்கை அனுப்பிவிட்டது. இந்தத் தொப்பியும் அந்த அக்ரிலிக் நூல்தான். மில்க் காட்டனும் வீட்டில் இருக்கிறது.

நூல்கண்டு_கூலிம்:
மில்க் காட்டன் இதற்கு வேண்டாம். பருத்தி வழுக்கும், நீண்டு கொடுக்காது, உன் இழுவிசையில் உள்ள ஒவ்வொரு குறையையும் ஊருக்குக் காட்டிக் கொடுக்கும். அக்ரிலிக் பரவாயில்லை, பழகுவதற்கு அதுவே போதும். ஆனால் நனைத்து விரித்துக் காயப் போட்டால் கம்பளி மாதிரி சமமாகப் படியாது. கம்பளியில் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு நனைத்ததும் மறைந்துவிடும். அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருக்கும் கம்பளி கொஞ்சம் வழுவழுப்பு. ரோமம் ரோமமாக இருக்கிற சாதாரணக் கம்பளியே இதற்கு நல்லது, ஃப்ளோட் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நகராது.

வாங்குமுன் இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார். விற்கிறவர் படத்தை வைத்தே செய்யலாம். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பூ எடுபடாது. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு அடிக்கும், பின்னினால் குழம்பிப் போகும்.

ஓய்வு_வாத்தியார்:
சிவப்பு, கருநீலம் இரண்டும் வெள்ளையில் சாயம் விடும். ஒரு முழம் நூலை வெள்ளைத் துணியில் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள். வினிகரில் நனைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சூடு காட்டாமல் வெறும் வினிகர் ஒன்றும் செய்யாது, என் வீட்டுக்காரம்மாவின் வெள்ளைக் கையுறை அதற்குச் சாட்சி.

ஈப்போ_சரசு:
மலர், தொப்பிக்குக் கடைசியாக இரண்டு யோசனை. பூ வரும் பகுதிக்கு மட்டும் ஊசியை 4.5 மி.மீ. ஆக்கு. அப்புறம், தொப்பியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் பிடித்துப் பின்னு. பூப்பக்கம் குழாய்க்கு உள்ளே இருக்கும், ஃப்ளோட் வெளிச் சுற்றில் ஓடும். வெளிச் சுற்றுக்குத் தூரம் கூடுதல் என்பதால் நூல் தானாகத் தளர்ந்து ஓடும். கையை இறுக்கிப் பழகியவர்களுக்கு இது பெரிய உதவி.

மலர்_ரிங்லெட்:
இடைவெளிக்கு மன்னிக்கவும், பள்ளி விடுமுறையில் ஊர் முழுக்கக் கூட்டம், கடையில் வேலை.

பூப் பகுதியை முழுக்கப் பிரித்துவிட்டேன். இடது கைத் துண்டு முதலில் பின்னினேன். சுண்டு விரல் சுற்றுதான் வித்தையே. பிறகு 4.5 ஊசி, உள்பக்கம் வெளியே, வெள்ளை எப்போதும் இடது கையில். இப்போது பூப் பகுதி 50 செ.மீ. வருகிறது. அப்பா தலைக்கு ஏறிவிட்டது, காதையும் மூடுகிறது. எல்லாப் பூவும் ஒரே மாதிரி தெரிகிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. சுற்று ஆரம்பிக்கிற இடத்தில் பூ ஒரு படி ஏறி நிற்கிறது, சேரவில்லை.

பேரா_மணி:
எனக்கும் ஒன்று பின்னித் தருவாயா தங்கச்சி? கேமரன் வரும்போது போட்டுக்கொள்ள.

மலர்_ரிங்லெட்:
நூல் உங்கள் செலவு அண்ணே.

ஈப்போ_சரசு:
அது எல்லாருக்கும் வரும். வட்டப் பின்னல் என்பது சுருள்தானே, ஒரு சுற்று முடிகிற இடம் ஆரம்பித்த இடத்தை விட ஒரு வரி மேலே இருக்கும். சுற்று ஆரம்பத்தைத் தலைக்குப் பின்னால் வருகிற மாதிரி போட்டுவிடு, அடுத்த தொப்பியில் அந்த இடத்தில் ஒரு நேர்க்கோடு நீலம் விட்டு இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடு. இந்தத் தொப்பிக்கு, உள்ளே தொங்கும் வால் நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஏறி நிற்கிற பூவின் ஓரக் கண்ணியைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தைத்தால் போதும்.

மலர்_ரிங்லெட்:
சரி அக்கா, வால் நூலை இன்னும் வெட்டவில்லை. இன்றைக்கே தைத்துவிட்டுப் படம் போடுகிறேன்.